போக வேண்டாம் என்று அண்ணன் சொல்லவில்லை

பிரியம் குறையாத மைனிக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல்தான். துக்கம் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அச்சகத்திலிருந்து வந்திருக்கும் ஒரு வரி.

எல்லைப் போராட்டத்தில் இருந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேருக்குக் காது கேட்காது. ஆகவே கூட்டங்கள் சுமுகமாக நடக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம். நம்முடைய பாறசாலைக் கிளையின் பக்கத்தைப் பிழை திருத்த எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளைச் செயலாளராக இருந்தவன் நான்தானே. அண்ணனுடைய படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'தலைவரின் தயக்கத்தால் நெய்யாற்றின்கரை ஊர்வலம் கைவிடப்பட்டது.' எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த வரி பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மூன்றாவது ஆள் கையில் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்திருக்கிறான்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் மைனி. உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் என் பெரியப்பாவின் மகன். பாக்கு வியாபாரி. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூரின் தெற்கு முழுக்கக் கொடி கட்டிய காலத்தில் நம் கிளைக்கு அவர்தான் பிரசிடெண்ட். அவர் பேசினால் ஒலிபெருக்கிக்காரன் கூலி வாங்கக் கூச்சப்படுவான். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொடியும் துண்டறிக்கையும் கூட்டம் கூட்டமாக வருகிற ஆட்களுமாக வீடு எப்போதும் நிறைந்திருந்தது.

நீங்கள் ஒரு நாளும் அண்ணன் பெயரைச் சொன்னதில்லை. நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. 'அவிய' என்றால் புருஷன். நீங்கள் அதில் ஒரு படி மேலே போனீர்கள். உங்கள் சொந்த அபிப்பிராயம் எதையுமே நீங்கள் சொன்னதில்லை. எல்லாம் 'அவிய சொன்னாவ'தான். பூவாரில் இருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் ஒருநாள் நீங்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

"நெத்திலி வேண்டாம்னு அவிய சொன்னாவ."

"பிரசிடெண்டு காலயிலயே பூவார்ல நிக்கத நான் கண்டேனே அக்கா. எப்பம் சொன்னாவ?"

"போவதுக்கு முன்ன சொல்லீட்டுப் போனாவ. சாளை இருந்தா எடு."

சாளைதான் வாங்கினீர்கள். அண்ணனுக்கு நெத்திலி உயிர். வந்து பார்த்துவிட்டு, தான்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துச் சாப்பிட்டார். நல்ல குடும்பம் என்று ஊரில் பேர்.

பெருங்கடவிளைச் சந்தையில் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு இடது கையும் காலும் விழுந்தன. நாக்கு குழறிப்போனது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புத்தி தெளிவாக இருந்தது. பேச்சுதான் வெளியே வரும்போது உருவம் இல்லாமல் வந்தது. அது உங்களுக்கு மட்டும் புரிந்தது. கமிட்டிக்காரர்கள் முன் அறையில் நின்று கேட்பார்கள், நீங்கள் உள்ளே போவீர்கள், வெளியே வருவீர்கள். "அவிய சொல்லுதாவ" என்று ஆரம்பிப்பீர்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருஷக்கணக்காகக் கேட்ட வாக்கியம்தானே.

எனக்குச் சந்தேகம் வந்தது, நான் படிக்கிறவன் என்பதால். மிஷன் பங்களாவைக் காலி செய்துபோன துரைசாணி ஒரு அலமாரி நிறைய அமெரிக்கப் பத்திரிகைகளை விட்டுப்போயிருந்தாள். மளிகைக் கடைக்காரன் நல்லமிளகு பொதிய எடுத்தது போக மிச்சத்தை நான் எடுத்து வந்தேன். தினமும் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். அண்ணனுக்குப் பொழுது போகும் என்பது சாக்கு. முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டு நீங்களும் கேட்பீர்கள்.

அப்படித்தான் அந்தக் கதை வந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயம். அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் உலக சமாதானத்துக்கு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்து, ஊர் ஊராக ரயிலில் போய்ப் பேசினார். பேசிப் பேசி விழுந்தார். இடது பக்கம் போய்விட்டது. மந்திரிகள் வந்தால் மனைவி கதவிலேயே நிறுத்திவிடுவாள். காகிதம் உள்ளே போகும், அவள் கையெழுத்தில் குறிப்பு வெளியே வரும். நாட்டை யார் ஆளுகிறார் என்று நாட்டுக்கே தெரியவில்லை. தான் எதையும் தீர்மானிக்கவில்லை, எதை அவரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை மட்டும்தான் தீர்மானித்தேன் என்று அந்த அம்மாளே பின்னால் எழுதினாள்.

"அவளும் அவிய சொன்னாவன்னுதான் சொன்னாளாக்கும்?" என்று கேட்டீர்கள்.

"பின்ன? அதேதான்."

"பொறவு ஏன் அத ஒரு அதிசயம் போல அச்சில போட்டிருக்கானுவ?"

அங்கே அரசியலில் நுழைந்த சொந்தபந்தம் அவள் மட்டும் இல்லை என்று சொன்னேன். ஜனாதிபதியின் மகளைக் கட்டியவர் கஜானா மந்திரியாக இருந்தார். அதற்கு முன்னால் ஜனாதிபதியாக இருந்த வேறொருவரின் மகள், இந்த உடன்படிக்கையைத் தோற்கடிக்கிறவர்களுக்குத் தன் வீட்டில் விருந்து வைத்தாள். நீங்கள் முறத்தைத் தட்டினீர்கள். "மருமொவன் மந்திரி, எதிராளிக்க மொவ சோறு போட்டுக் கெடுக்கா. அமெரிக்கான்னு சொல்லுதீரு தம்பி, நம்ம சபைக் கமிட்டிய போலல்லா இருக்கு?" அண்ணன் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு பகுதியையும் படித்தேன். ஜனாதிபதி உயிரோடுதான் இருக்கிறாரா, புத்தி இருக்கிறதா என்று பார்க்க செனட்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மனைவி அவருடைய இடது கையைப் போர்வையால் மூடிவிட்டு, பென்சிலும் காகிதமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிய ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டாள். இதை நான் உங்களைக் குத்திக்காட்டத்தான் படித்தேன். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. பென்சில் எந்தக் கையில் இருந்தது என்று மட்டும் கேட்டீர்கள்.

அடுத்த வாரம் தெற்கே போலீஸ் துப்பாக்கி வெடித்தது. நம் ஆட்கள் செத்த சேதி வந்தது. சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்கு ஊர்வலம் என்று கமிட்டி தீர்மானித்தது. வழியில் அமரவிளையில் ரிசர்வ் போலீஸ் வந்து இறங்கியிருந்தது. பிரசிடெண்ட் சம்மதம் மட்டும்தான் பாக்கி. நீங்கள் உள்ளே போய் வந்து, "வேண்டாம்னு சொல்லுதாவ" என்றீர்கள். முதல் தடவையாக ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிரசிடெண்டுக்கு ஓர்மயும் புத்தியும் உண்டுமான்னு நேர்ல பாக்கணும்" என்று சாயாக்கடைப் பொன்னையன் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் வருவதாக ஏற்பாடு.

நான் முன்னதாகவே வந்துவிட்டேன். அண்ணனுக்குச் சவரம் செய்து, கதர்ச் சட்டை போட்டு, மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருந்தீர்கள். கட்டில் திசை மாறியிருந்தது. வாசலில் நிற்பவர்களுக்கு அண்ணனின் வலது பக்கம் மட்டும் தெரியும். இடது கை போர்வைக்குள் இருந்தது.

"கட்டில ஆரு திருப்பினது?"

"நானாக்கும். பைய இளுத்தேன்."

"மைனி, நான் அந்தக் கதைய சும்ம படிச்சது."

"நான் சும்ம கேக்கல்ல, தம்பி."

பொன்னையன் வந்தார். கூட குமாரதாஸ் வந்தார். அவர் எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை, அதனால் எல்லாத் தூதுக்குழுவிலும் அவர் உண்டு. நீங்கள் காகிதமும் பென்சிலுமாகத் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள். பொன்னையன் கட்டிலை நோக்கிக் குனிந்தார்.

"பிரசிடெண்டே, எல்லாரும் ஒருங்கி நிக்கானுவ. தெக்க நம்ம ஆளுவ சோர சிந்தியாச்சு. நாம கையக் கெட்டி இருந்தா நாளைக்கு நம்மள ஆணுன்னு சொல்லுவானா? போணுமா, வேண்டாமா? ஒரு வாக்கு சொல்லும்."

அண்ணன் வாயைக் கோணிக்கொண்டு ஒரு சத்தம் எழுப்பினார். பொன்னையனுக்கு அது சத்தம். கட்டிலின் கால்மாட்டில் நின்ற எனக்கு அது சொல். தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து என் காதும் பழகியிருந்தது. 'போணும்' என்றார்.

நீங்கள் காகிதத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒமக்க மொவன் ஜெயசிங்கு எங்க நிக்கான்னு கேக்காவ."

"கொடி பிடிச்சு முன்னாலயாக்கும்!"

"நீரு எங்க நிப்பீருன்னு கேக்காவ."

"நானா? நான் கடைய அடச்சுட்டு... பொறவு வந்து..."

"பொறவு வந்து," என்று சொல்லிக்கொண்டே எழுதினீர்கள்.

அண்ணன் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை முழு உடம்பையும் சேர்த்துச் சொன்னார். 'போணும்.' நல்ல கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கியது.

"வேண்டாம்ங்காவ," என்றீர்கள். "துப்பாக்கிக்கு முன்னால பிள்ளையள நிறுத்தி வாங்குத நாடு அவியளுக்கு வேண்டாமாம்."

பொன்னையன் அண்ணனின் கண்ணீரைப் பார்த்தார். பிறகு குமாரதாஸிடம் திரும்பினார். "கண்டீரா ஓய், கண்ணீரு விட்டுல்லா சொல்லுதாவ. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?" தோளில் கிடந்த தோர்த்தால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். எழுதியதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் போனதும் என்னிடம் வந்தீர்கள். "நீரும் கேட்டீராக்கும்?"

"கேட்டேன் மைனி."

"மினிட்டு புக்குல நீருதான் எளுதணும். ஒமக்கு எது கேட்டுதோ அத எளுதும்."

நான் எழுதினேன். 'தலைவரின் விருப்பப்படி ஊர்வலம் கைவிடப்படுகிறது.'

அந்த அமெரிக்க அம்மாளின் கதையை நான் உங்களுக்கு முடித்துச் சொல்லவில்லை. உடன்படிக்கையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நிறைவேறிவிடும் என்ற நிலை வந்தது. அவளும் ஒரு தடவை கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் முடியாது என்றார். அதற்குப் பிறகு அவள் அவருடைய பிடிவாதத்தையே சொல் பிசகாமல் வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். உடன்படிக்கை செத்துப்போனது. புருஷன் வாக்கைக் காப்பாற்றிய உத்தமி அவள்தான். ஆனாலும் அவளைத்தான் உலகம் திருட்டு ஜனாதிபதி என்கிறது. நிஜமாகத் திருடிய உங்களை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் அண்ணனைத்தான். இரண்டு வருஷம் கழித்து எல்லையை வரைந்தார்கள். தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை போகவில்லை. நாம் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டோம். ஒரு ஊர்வலம் போயிருந்தால் கோடு நாலு மைல் நகர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தோற்றவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அது பக்கத்து வீட்டில் கிடைத்தால் வசதி. சாலையில் போன பயல்கள் நம் கேட்டருகே நின்று கூவினார்கள். "எலே, பிரசிடெண்டு பேடிச்சுட்டாரு! பிரசிடெண்டு பேடிச்சுட்டாரு!"

அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்டது. அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு உங்கள் கையில் இருந்து கஞ்சி வாங்க வாயைத் திறக்கவில்லை. நான்தான் ஊட்டினேன். மூன்று நாள் அப்படிப் போனது. நாலாவது நாள் நீங்கள் கரண்டியை நீட்டினீர்கள், அவர் திறந்தார். அவருக்கு உங்கள் மேல் ஒரு பிராது இருந்தால், அதையும் நீங்கள்தானே எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்?

இத்தனை வருஷமும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் போகச் சொன்னது பிள்ளைகளைச் சாகக் கொடுப்பதற்காக அல்ல. தானே முன்னால் நடப்பதாக நினைத்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியதா?

இப்போதைய சேதி கொஞ்சம் சொல்கிறேன். பஞ்சாயத்துக்கு ஒரு பெண் பிரசிடெண்ட் வந்திருக்கிறாள், சட்டம் அப்படி. நல்ல பெண். வீட்டுக்குப் போனால் அவளுடைய புருஷன்தான் வாசலில் நிற்கிறான். "பிரசிடெண்டு பறஞ்ஞது ஈ றோடு அடுத்த கொல்லம் எந்நாணு" என்று அவன் மலையாளத்தில் சொல்கிறான். சாலை அடுத்த வருஷம்தானாம். அவள் உள்ளே மாவு பிசைகிறாள். நாடு முன்னேறியிருக்கிறது மைனி, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள்தான் மாறியிருக்கிறது. நம் சபையில் தமிழ் ஆராதனை மாதத்தில் ஒரு ஞாயிறு. அதற்கு வருகிறவர்களைவிட வேண்டாம் என்று மனு கொடுத்தவர்கள் அதிகம். மனுவைத் தமிழில்தான் எழுதியிருந்தார்கள்.

உங்கள் அடக்கத்தன்று ஜெயசிங்தான் சவப்பெட்டியைத் தலைமாட்டுப் பக்கம் தூக்கி வந்தான். முட்டுவலிக்காரன், பேரப்பிள்ளை எடுத்தவன், வேண்டாம் என்றாலும் விடவில்லை. திரும்பும்போது என்னிடம் சொன்னான்: "பிரசிடெண்டு மாமா மேல எனக்கு ரொம்ப நாளு கோவம் உண்டு. அந்தச் சனியாச்ச எனக்க கையில கொடி இருந்து. என்ன வீட்டுக்கு அனுப்பீட்டாரே. மாமிய ஓர்த்து நான் வாயத் திறக்கல்ல." நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் உயிரோடு நின்று கோபப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் சாவதற்குச் சில நாள் முன்னால், நீங்கள் கிணற்றடியில் இருந்தபோது, அவர் காதருகே குனிந்து கேட்டேன். "அண்ணா, நீங்க போணும்னுதான் சொன்னிய. மினிட்டு புக்குல திருத்தி எளுதட்டா?" அவர் வலது கையைக் கிணற்றுப் பக்கமாகக் காட்டிச் சொன்னார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது.

"அவகிட்ட கேளு."

மன்னித்துச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா? எனக்குத் தெரியவில்லை. நான் உங்களிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் 'எழுதும்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். எழுதினால், அன்றைக்கு நான் ஏன் அண்ணன் சொன்னதை மறைத்தேன் என்பதையும் எழுத வேண்டும். நியாயத்துக்காக உங்கள் பக்கம் நின்றேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஊர்வலத்தில் யார் எங்கே நிற்பது என்ற பட்டியலை எழுதியவனே நான்தான். செயலாளர் இரண்டாம் வரிசை, ஜெயசிங்குக்கு நேர் பின்னால். நீங்கள் 'வேண்டாம்ங்காவ' என்றபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணன் பேடித்தவர் என்று ஊர் சொன்னபோதெல்லாம் அந்தப் பேர் யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். பக்கத்து ஓரத்தில் சிவப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஊர்வலம் போக வேண்டும் என்று தலைவர் சொன்னார். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் வேண்டாம் என்று தீர்மானித்தார். அவர் தீர்மானித்ததால் அன்று யாரும் சாகவில்லை. செயலாளர் இரண்டையும் கேட்டார். தன் பயத்தால் ஒன்றை மட்டும் எழுதினார்.' மலரில் இதைப் போட மறுத்தால் நானே தனியாக அச்சடித்து, முதல் பிரதியை ஜெயசிங்கின் கையில் கொடுப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இதில் ஒரு சொல்லும் அவிய சொன்னதல்ல, மைனி. எல்லாம் நான் சொல்வது.

ஜெயசிங்குக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டிய
உங்கள் கொழுந்தன்